எஃப்டிபிசிங்க்: வேலூர்ப் பக்கத்துக் கல்லூரி லேபுகளுக்கு ஏற்ற மிரர் கருவியா?

காட்பாடி, பாகாயம், ராணிப்பேட்டை என்று எங்கே பார்த்தாலும் கல்லூரி லேபுகளில் லினக்ஸ் மெஷின்கள் கூடிக்கொண்டே போகின்றன. அறுபது மெஷினில் ஒரே நேரத்தில் அப்டேட் போட்டால், ஒரே பேக்கேஜ் அறுபது தடவை வெளியிலிருந்து இறங்கும், லைன் திணறும். கேம்பஸுக்குள்ளேயே ஒரு டெபியன் மிரர், அதாவது டெபியன் லினக்ஸின் பேக்கேஜ் கிடங்குக்கு (ஆர்க்கைவ்) ஓர் உள்ளூர் நகல், வைப்பதுதான் வழி. அதற்கு டெபியன் குழுவினரே எழுதிப் பராமரிக்கும் எஃப்டிபிசிங்க்கைத் தயங்காமல் எடுக்கலாம். இலவசம், டெபியனில் அதே பெயரில் பேக்கேஜாகவே கிடைக்கிறது. பெயரில்தான் எஃப்டிபி, உள்ளே ஓடுவது ஆர்சிங்க் என்ற, மாறிய ஃபைல்களை மட்டும் நகலெடுக்கும் கருவி.

கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் லினக்ஸ் வசதி) ஒரு வரி ஆர்சிங்க் போட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. இண்டெக்ஸ் ஃபைல்களில் ஒன்றான ரிலீஸ் ஃபைலில், பேக்கேஜ் பட்டியலான பேக்கேஜஸ் ஃபைலின் ஹாஷ் (உள்ளடக்கத்தைச் சரிபார்க்க உதவும் கைரேகை போன்ற எண்) இருக்கிறது. பேக்கேஜஸ் ஃபைலில் ஒவ்வொரு டெப் ஃபைலின் (இன்ஸ்டால் ஆகும் பேக்கேஜ்) ஹாஷும் இருக்கிறது. ஆர்சிங்க் அகர வரிசையில் போவதால், இண்டெக்ஸ் இருக்கும் டிஸ்ட்ஸ் ஃபோல்டர் முதலில் வந்துவிடும். டெப் ஃபைல்கள் இருக்கும் பூல் ஃபோல்டர் அப்புறம்தான். நடுவில் யாராவது இன்ஸ்டால் செய்தால் இண்டெக்ஸ் சொல்லும் ஃபைல் சர்வரில் இருக்காது: 404. ரிலீஸ் புதிதாகவும் பேக்கேஜஸ் பழையதாகவும் இருக்கும் நேரத்தில் மாட்டினால் ‘ஹாஷ் சம் மிஸ்மேட்ச்’. இண்டெக்ஸை அதன் ஹாஷையே பெயராக வைத்து எடுக்கும் பை-ஹாஷ் முறை வந்த பிறகு இந்த இரண்டாவது தொல்லை நன்றாகவே குறைந்திருக்கிறது. முதலாவது அப்படியேதான் இருக்கிறது.

எஃப்டிபிசிங்க் இதை இரண்டு கட்டமாகப் பிரிக்கிறது. முதல் கட்டத்தில் இண்டெக்ஸ்களை ஒதுக்கிவிட்டு டெப் ஃபைல்களை மட்டும் இறக்கும், எதையும் அழிக்காது. இரண்டாம் கட்டத்தில் இண்டெக்ஸ்களைத் தற்காலிக ஃபோல்டரில் சேர்த்து வைத்து, கடைசியில் ஒரே மூச்சில் பெயர் மாற்றி இடத்தில் வைக்கும். பழைய ஃபைல்களை அதன் பிறகே நீக்கும். புதியதும் பழையதும் கொஞ்ச நேரம் சேர்ந்தே இருப்பதால் டிஸ்க்கை விளிம்பு வரை நிரப்பி வைக்கக் கூடாது.

செட்டிங் ஒரே கான்ஃப் ஃபைலில் முடிந்துவிடுகிறது: மிரரின் பெயர், சேமிக்கும் ஃபோல்டர், எங்கிருந்து இறக்குவது என்ற மேல் சர்வர், எந்த ஆர்க்கிடெக்சர்கள் (பிராசஸர் வகைகள்). எல்லா ஆர்க்கிடெக்சரும் என்றால் பல டெராபைட் ஆகும்; லேபுக்கு ஏஎம்டி64 (சாதாரண 64-பிட் இன்டெல், ஏஎம்டி மெஷின்கள்) மட்டும் போதும். பேண்ட்விட்த்துக்கு வரம்பு வைக்கவும் இடம் உண்டு, நொடிக்கு எத்தனை கிலோபைட் என்ற கணக்கில். 5000 என்று போட்டால் 1 டெராபைட் இறங்க ஏறக்குறைய 56 மணி நேரம். முதல் சிங்க்கை வெள்ளி மாலை தொடங்கினால் திங்கள் காலை வகுப்புக்கு முன் ஓரளவு முடிந்திருக்கும்.

தொடங்கும் முன் ஆர்சிங்க் பயன்படுத்தும் 873 போர்ட் வெளியே போகிறதா என்று பாருங்கள். கல்லூரி ஃபயர்வால்கள் பலவற்றில் அது மூடியிருக்கும். அப்போது பெரும்பாலும் டைம்அவுட்தான்.

இந்தக் கருவியில் மனதுக்குப் பிடித்தது அதன் லாக் ஃபைல், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு சிங்க் ஓடாமல் தடுக்கும் பூட்டு (lock) ஃபைல். சிங்க் ஓடும்போது தன் பிராசஸ் எண்ணை அதில் எழுதி வைக்கும். கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் இறங்கிவிட்டால் அந்த ஃபைல் அநாதையாகக் கிடக்கும். சாதாரண ஸ்கிரிப்ட் என்றால் ‘ஏற்கெனவே ஓடுகிறது’ என்று சொல்லி நாள்கணக்கில் சும்மா இருந்துவிடும். எஃப்டிபிசிங்க் அந்த எண்ணில் தன்னுடைய பிராசஸ் உண்மையிலேயே உயிரோடு இருக்கிறதா என்று சோதித்து, இல்லையென்றால் லாக்கைத் தானே எடுத்துக்கொள்ளும். கோடையில் கரண்ட் நம்மூரில் படுத்தும் பாட்டுக்கு இது பெரிய ஆறுதல்.

இரண்டு மூன்று கேம்பஸ் உள்ள நிர்வாகம் என்றால் கூடவே வரும் ரன்மிரர்ஸ் ஸ்கிரிப்டைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். தலைமை சர்வர் சிங்க் முடித்ததும் எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) வழியாக, ஒரு டிஜிட்டல் சாவியைக் காட்டி, கிளை சர்வர்களைத் தட்டி எழுப்பும். கிளையில் அந்தச் சாவியால் எஃப்டிபிசிங்க்கைத் தவிர வேறெதுவும் ஓட்ட முடியாதபடி அனுமதித்த சாவிகளின் பட்டியலான ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலில் கட்டுப்படுத்திவிடுங்கள். ‘ஸ்டேஜ்டு’ முறையில் வைத்தால், எல்லாக் கிளைகளும் முதல் கட்டத்தை முடிக்கும் வரை காத்திருந்து, பிறகே இரண்டாம் கட்டத்துக்கு அனுப்பும். ஒரே பெயருக்குப் பின்னால் பல சர்வர்களை மாற்றி மாற்றி விடுபவர்களுக்கு இது இல்லாமல் முடியாது.

குறைகளும் உண்டு. ஆர்க்கிடெக்சரைத் தேர்ந்தெடுக்கலாம், வெளியீட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. 2023இல் வந்த புக்வார்ம் வெளியீடு மட்டும் போதும் என்றால் டெப்மிரர் என்ற இன்னொரு மிரர் கருவியின் பக்கம்தான் போக வேண்டும். டிஸ்க் குறைவாக உள்ள இடத்தில் நாங்களும் டெப்மிரரையே சொல்வோம். ஆர்க்கைவ் உண்மையானதுதான் என்று காட்டும் ஜிபிஜி டிஜிட்டல் கையொப்பத்தையும் அது சரிபார்க்கிறது. எஃப்டிபிசிங்க் அதைச் செய்வதில்லை, அந்த வேலை லேப் மெஷினில் பேக்கேஜ்களை இறக்கி இன்ஸ்டால் செய்யும் ஆப்ட்டுக்கு விடப்படுகிறது. ஆப்ட்-மிரர் என்ற மூன்றாவது கருவியில், இயல்பான செட்டிங்கில், பழைய ஃபைல்களை நீக்க கிளீன் ஸ்கிரிப்டைத் தனியாக ஓட்ட வேண்டும். அதை மறந்த சர்வர்களில் டிஸ்க் நிரம்புவதுதான் வாடிக்கை.

செக்யூரிட்டி அப்டேட்டுகள் தனி ஆர்க்கைவ். அதை மிரர் செய்யாமல், லேப் மெஷின்களை நேராக டெபியன் சர்வருக்கே விடுங்கள். பாதுகாப்புத் திருத்தம் ஒரு நாள் தாமதமானாலும் ஆபத்து.

டெபியன் ஆர்க்கைவ் நாளைக்கு நான்கு முறை புதுப்பிக்கப்படுகிறது. அதனால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு சிங்க் போதும். கிரானில் சரியாகப் பூஜ்ய நிமிடத்தில் வைக்காமல் 17, 43 என்று ஏதாவது ஒரு நிமிடத்தில் வையுங்கள், எல்லோரும் ஒரே நொடியில் மேல் சர்வரை மோத வேண்டாம். ஒவ்வொரு சிங்க் முடிவிலும் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் ட்ரேஸ் என்ற இடத்தில் உங்கள் சர்வர் பெயரில் ஒரு ஃபைல் புதுப்பிக்கப்படும். அதன் தேதி 12 மணி நேரத்துக்கு மேல் பழையதானால் மெயில் வரும்படி இன்னொரு சின்ன கிரான் வைத்துவிடுங்கள்.