மாற்றாத பம்புக்கு 15,900 ரூபாய்: நெடுஞ்சாலையில் கார் நின்றால் கவனிக்க வேண்டியவை

கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு மதியம், வேலூரிலிருந்து ஆம்பூருக்கு ஒரு திருமணத்துக்குச் சென்றுகொண்டிருந்தபோது, பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டிச் சிறிது தூரத்தில் எங்கள் ஒன்பது ஆண்டுப் பழைய பெட்ரோல் கார் திடீரென அணைந்துவிட்டது. திணறவுமில்லை, குலுங்கவுமில்லை, சாவியை யாரோ திருப்பி அணைத்ததுபோல நின்றது.

ஓரங்கட்டிவிட்டு மீண்டும் முயன்றேன். செல்ஃப் மோட்டார் வலுவாகச் சுற்றியது, முகப்பு விளக்கும் மங்கவில்லை; ஆகவே பேட்டரியில் குறையில்லை. சாவியை ஆன் செய்ததும், பின் இருக்கைக்கு அடியிலிருந்து பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி முனகி அடங்கும் ஓசையும் கேட்டது. ஆனால் எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்ற எண் இருப்பது எனக்குத் தெரியும். இருந்தும், வயதான மாமியார் வெயிலில் நிற்பதைப் பார்த்த பதற்றத்தில், தானாக வந்து நின்ற இழுவை வண்டிக்காரர் "நமக்குத் தெரிஞ்ச ஷெட் இருக்கு சார்" என்றதும் சம்மதித்துவிட்டேன்.

அந்த ஷெட்டில் ஒரு பையன் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டுச் செல்ஃப் அடித்துக் காட்டினான். பெட்ரோல் வரவில்லை. "பம்பு போச்சு" என்று உடனே முடிவு சொல்லிவிட்டார்கள். பம்பின் ஓசை கேட்டதே என்று நான் சொன்னதற்கு, "சத்தம் வரும் சார், பிரஷர் வராது" என்றார் முதலாளி. அழுத்தத்தை அளக்கும் மானி எதையும் அவர்கள் பொருத்திப் பார்க்கவில்லை. மூன்று நாள் கழித்து, பம்ப் 11,400, கூலி 2,200, டேங்க் சுத்தம் 1,500, ஸ்கேனிங் 800 என மொத்தம் 15,900 ரூபாய்க்கு, ஜிஎஸ்டி எண் இல்லாத வெறும் துண்டுச்சீட்டில் கணக்கு எழுதித் தந்தார்கள். பழைய பம்பைக் கேட்டதும், சற்றுத் தயங்கி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதன்மேல் செம்மண் காய்ந்து படிந்திருந்தது. பெட்ரோல் வாடை துளியும் இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் காட்பாடி மேம்பாலத்தில் ஏறும்போது கார் அதேபோல அணைந்தது. முக்கால் மணி நேரம் கழித்து, எதுவும் நடவாததுபோல ஒரே சுற்றில் கிளம்பியது. நேராகச் சத்துவாச்சாரியில் நண்பர் ஒருவர் சொன்ன முதிய மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் எதையும் கழற்றவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, அது சூடேறித் தானாக அணையும்வரை காத்திருந்தார். பிறகு செல்ஃப் அடிக்கச் சொல்லி, எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் முள்ளைச் சுட்டி, "ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்க தம்பி" என்றார். எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்க, முள் பூஜ்யத்திலேயே படுத்திருந்தது.

எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் சுற்றுவதைக் காரின் கணினிக்குச் சொல்லும் சென்சாருக்குள், பல கார்களில், மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று இருக்கிறது. அது பழுதாகிவிட்டால், சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்துபோவதும் ஆறியதும் மீண்டும் சேர்வதும் உண்டு. சுற்றும் தகவல் வராதபோது, முள் அசையாது; எஞ்சின் நின்றுவிட்டதாகக் கருதிக் கணினி தீப்பொறியையும் பெட்ரோலையும் ஒருசேர நிறுத்திவிடும்; சாவி போட்டதும் ஓடும் அந்த இரண்டு நொடிக்கு மேல் பம்பையும் ஓடவிடாது. ஆகவே ஷெட்டில் பெட்ரோல் வராததற்குப் பம்ப் காரணமன்று. மெக்கானிக் ஈரத்துணியைச் சென்சாரின்மேல் சற்று நேரம் சுற்றி வைத்தார், கார் கிளம்பியது. ஸ்கேனரும் பி0335 என்ற, கிராங்க் சென்சாருக்கான குறியீட்டையே காட்டியது. சென்சாரை மாற்றக் கூலியோடு செலவு 1,750 ரூபாய்.

பின் இருக்கையைத் தூக்கிப் பார்த்தபோதுதான் மீதியும் விளங்கியது. பம்பின் மூடியைச் சுற்றி ஒன்பது ஆண்டுத் தூசு அப்படியே இறுகியிருந்தது. திருகாணிகள் ஒன்றிலும் கருவி பட்ட கீறல் இல்லை. பம்பை மாற்றவுமில்லை, டேங்கைச் சுத்தம் செய்யவுமில்லை. மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சின் தானாகவே கிளம்பியிருக்கும். அதை மறைத்து மூன்று நாள் கார் அங்கே கிடந்தது. அறியாமையால் பம்பைக் குறை சொன்னதைக்கூட மன்னிப்பேன், இதை மன்னிப்பதற்கில்லை.

இப்படிக் கார் நின்றால், சாவி போட்டதும் பம்பின் முனகல் கேட்கிறதா, செல்ஃப் அடிக்கும்போது முள் அசைகிறதா, ஆறிய பின் கிளம்புகிறதா என்ற மூன்றையும் கைபேசியில் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கார்களிலும் முள் இப்படிக் காட்டிக்கொடுக்காது, இருந்தாலும் பாருங்கள். பாகத்தை மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

தொலைபேசியில் கேட்டபோது அந்த ஷெட் முதலாளி இணைப்பைத் துண்டித்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் குடியிருக்கும் வேலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, இந்தச் சிறு தொகைக்குக் கட்டணமும் கிடையாது. துண்டுச்சீட்டு, பணம் அனுப்பிய பதிவு, தூசு படிந்த மூடியின் படங்கள் ஆகியவற்றோடு அந்தச் செம்மண் பம்பையும் ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறேன்.