சிலிக்கோன் மார்பகமும் பை தைத்த பிராவும்: திருப்பூர் கட்டிங் மாஸ்டரின் மதிப்பீடு

மார்பகம் அகற்றிய பெண்கள் அணியும் சிலிக்கோன் மார்பகத்தையும், அதை உள்ளே வைப்பதற்காகப் பை தைத்த பிராவையும் பற்றி எழுதுகிறேன். பயன்படுத்துவது என் மனைவி. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணி, அளவு, தையல் பற்றிச் சொல்வது நான்; உடம்பில் அது எப்படி இருக்கிறது என்று சொல்வது அவள். எழுதியதை அவளிடம் படித்துக் காட்டி, சரி என்று அவள் சொன்ன பிறகே வெளியிடுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலிக்கோன் மார்பகம் கொடுத்த பணத்துக்குத் தகும். அதனோடு சேர்த்து விற்கும் பிராவை யோசித்து வாங்குங்கள். கடைக்கு மனைவியைத் தனியாக அனுப்பாதீர்கள்.

அவளுக்கு இடது மார்பகத்தில் கட்டி. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்தான் முதலிடத்தில் இருக்கிறது. ஆனாலும் எங்கள் சொந்தபந்தத்தில் இதை வாய்விட்டுச் சொன்னவர்களை நான் பார்த்ததில்லை. பயாப்சி முடிவு வந்த வாரத்தில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் பழமும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டு, என்ன பேசுவது என்று தெரியாமல் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். எனக்கும் பேசத் தெரியவில்லை. என் கைக்கு ஒரு வேலை இருந்தால்தான் என் மனம் ஓரிடத்தில் நிற்கும். துணி வெட்டும் மார்க்கர் கணக்கு எழுதும் நோட்டிலேயே மருத்துவர் சொன்னதை எல்லாம் எழுதினேன்: கீமோ 21 நாளுக்கு ஒருமுறை, இடது கையில் ஊசி கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அக்குளிலிருந்து டியூப் தொங்கும், அதில் நீர் சேரும் டப்பாவும் இருக்கும் என்றார்கள். அதை வைத்துக்கொள்ள உள்பக்கம் பை வைத்து, முன்பக்கம் திறக்கும், மெல்லிய இன்டர்லாக் என்ற இரட்டைப் பின்னல் துணியில் சட்டைகள் தைத்துக் கொடுத்தேன். அந்த நாட்களில் நான் செய்ததில் உருப்படியானது அதுதான் என்று அவளே சொல்கிறாள்.

சிலிக்கோனை உடனே வாங்கிவிட முடியாது. தையல் ஆறுவதற்குப் பொதுவாக 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை பஞ்சு அடைத்த இலகுவானதை வைத்துக்கொள்ளலாம். அவளுக்குக் கதிர்வீச்சும் இருந்தது. தோல் கறுத்து உரிந்து, புதுத் தோல் வந்து, மருத்துவர் சரி என்ற பிறகே கோயம்புத்தூருக்கு வாங்கப் போனோம்.

கடை, மருத்துவமனைகள் நிறைந்த ஒரு தெருவில் முதல் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் இல்லை. கீமோ முடித்த பெண் ஏறி வரும் கடைக்கு இது பெரிய குறை. வாசலில் சக்கர நாற்காலியும் வாக்கரும் வாங்குபவர்கள் நிற்கிறார்கள். அவர்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். என்ன வேண்டும் என்று இளைஞன் ஒருவன் உரக்கக் கேட்டான். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் சொன்னேன், அவன் கேட்ட அதே சத்தத்தில். கூடப் போகச் சொல்வது இதற்காகத்தான்.

உள் அறையில் அளவு எடுக்கும் அம்மாவிடம் வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. நான் எத்தனையோ பேர் அளவு எடுப்பதைப் பார்த்தவன். இந்த அம்மா நாடாவை எடுப்பதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். "அம்மிணி, தழும்பில் எங்கே தொட்டால் கூசுகிறது, முதலில் அதைச் சொல்லு" என்றார். மார்புக்குக் கீழ்ச் சுற்றளவை நிற்கவைத்து ஒருமுறையும் உட்காரவைத்து ஒருமுறையும் எடுத்தார். தையல் மெஷினில் உட்கார்ந்து வேலை செய்கிறவள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், கொஞ்சம் முன்னால் குனியச் சொல்லி மறுபடியும் எடுத்தார். வெளியே நின்ற என்னை, "நீங்களும் வாருங்கள் தம்பி, வீட்டில் பார்க்கப்போவது நீங்கள்தானே" என்று கூப்பிட்டார். மூவரும் கண்ணாடி முன்னால் நின்றோம். அதுவரை அவள் தழும்பை என் முன்னால் திறந்து காட்டியதில்லை. அன்று காட்டினாள். அந்த அம்மாவின் கைக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

இனிப் பொருள். நாங்கள் வாங்கிய சிலிக்கோன் இடது பக்கத்துக்கு என்றே செய்தது. அக்குள் பக்கம் நீண்டு மெலிந்திருக்கும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான வடிவமும் உண்டு. பார்பி பொம்மையை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லர் என்ற அமெரிக்கப் பெண்மணிக்கு 1970இல் மார்பகப் புற்றுநோய் வந்து ஒரு மார்பகம் அகற்றப்பட்டது. கடையில் கிடைத்தவை பிடிக்காமல், இடது வலது என்று தனித்தனியாக அவரே செய்து விற்றார். இதைப் படித்து அவளிடம் சொன்னேன். எங்கள் மகள் விளையாடிய பொம்மை அது.

எடை அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இலகுவான வகையும் காட்டினார்கள், விலை அதிகம். இவள் எடையுள்ளதையே எடுத்தாள், அது சரியான முடிவு. ஒரு பக்கம் எடை இல்லாமல், துணி விளிம்பைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தபோது இடது தோள் மேலே தூக்கிக்கொண்டு கழுத்து வலி வந்தது. இதை அணிந்த பிறகு அந்த வலி வெகுவாகக் குறைந்தது. குறை என்றால் வெயில்தான். பங்குனி, சித்திரையில் திருப்பூர் வெக்கையில் பின்பக்கம் வியர்த்து ஊறிவிடுகிறது. தினமும் மென்மையான சோப்பில் கழுவி, துடைத்து, அதற்கென்று தந்த பெட்டியில் வைக்க வேண்டும். இன்னொன்று, கடையில் யாரும் சொல்லாதது: சேலைக்கு ஊக்குக் குத்தும்போது கவனம். ஊசி பட்டால் சிலிக்கோன் ஓட்டையாகிவிடும். முந்தானையை மார்பின் மேல் குத்தாமல், தோளில் மட்டும், மேலே தள்ளிக் குத்தச் சொல்லுங்கள்.

பிராவுக்கு வருகிறேன். தோள்பட்டி அகலம், கம்பி இல்லை, முன்னால் கொக்கி. இவை மூன்றும் நல்லவை. அக்குள் நெறிகட்டி எடுத்தவர்களுக்குக் கையைப் பின்னால் கொண்டுபோவது சிரமம் என்பதால் முன் கொக்கி அவசியம். ஆனால் உள்பையை நைலான் துணியில் வைத்து, ஓரத்தை ஓவர்லாக் அடித்துவிட்டிருக்கிறார்கள். அந்தத் தடித்த விளிம்பு சரியாகத் தழும்பின் மேல் உட்கார்ந்து நாள் முழுக்க உரசுகிறது. அங்கே தட்டையாகப் படுகிற பிளாட்லாக் தையல்தான் வர வேண்டும். உலகத்துக்கே உள்ளாடை தைக்கும் ஊரில் இருந்துகொண்டு, என் மனைவி புண்ணாகிப் போன விலாவோடு வீடு வருவதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக இருந்தது. விலையும் 1,500 ரூபாய்க்கு மேல். ஒன்று போதாது, மாற்றிக்கொள்ளக் குறைந்தது மூன்று வேண்டும்.

அதனால் ஒன்றை மட்டும் வாங்கி, அளவை எடுத்துக்கொண்டு, சாதாரண காட்டன் பிராவில் நானே பை வைத்தேன். 40ஆம் நம்பர் நூலில் ஓட்டிய காட்டன் இன்டர்லாக் துணி, இழுவை பக்கவாட்டில் வர வேண்டும். வாய் நடு மார்புப் பக்கம் திறந்திருக்கட்டும். அக்குள் பக்கம் திறந்தால் நழுவும். விளிம்பு எதுவும் உடம்புப் பக்கம் வரக்கூடாது. எந்த நல்ல தையல்காரரும் ஒரு மணி நேரத்தில் செய்துவிடுவார்.

இப்போது அவள் வேலைக்கும் விசேஷத்துக்கும் மட்டும் அணிகிறாள். வீட்டில் வேண்டாம் என்று கழற்றி வைத்துவிடுகிறாள். எதுவுமே அணியாமல் இருக்க விரும்பும் பெண்களும், அறுவை சிகிச்சையில் புதிதாக அமைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அது அந்தப் பெண்ணின் முடிவு. நாம் நமக்காக இதை வாங்கிக் கொடுத்துவிடக்கூடாது.

ரவிக்கையையும் மாற்றித் தைக்க வேண்டும். கழுத்தை ஒரு அங்குலம் ஏற்றுங்கள். அறுவை சிகிச்சை நடந்த பக்கத்தின் கைச்சுற்றைத் தளர்வாக வெட்டச் சொல்லுங்கள். அந்தக் கை வீங்கும் வாய்ப்பு எப்போதும் உண்டு, இறுக்கம் கூடாது. அளவைக் காலையில் கொடுக்காதீர்கள், வேலை முடிந்து கை கனத்திருக்கும் சாயங்காலத்தில் கொடுங்கள்.