கூகுள் மேப்ஸா, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பா?

அவசரமாக ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போக வேண்டும் என்றால் நான் திறப்பது கூகுள் மேப்ஸைத்தான். எந்த சிக்னலில் நெரிசல், ஓட்டல் எத்தனை மணிக்கு மூடும் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், இந்த விஷயத்தில் கிட்டேகூட வராது.

ஆனால் ஊருக்கே ஆபத்து என்றால் கதை வேறு. 2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, தலைநகர் போர்ட்டோ பிரின்ஸுக்கு உருப்படியான டிஜிட்டல் வரைபடம் இல்லை. பல நாடுகளிலிருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருத்தெருவாகக் கோடு இழுத்தார்கள். இடிந்த கட்டடங்கள், கூடார முகாம்கள்கூட ஏறின. மீட்புக் குழுக்கள் அதை ஜிபிஎஸ் கருவியில் இறக்கிக்கொண்டு வேலை பார்த்தன. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் இதே வரைபடத்தின் மேல்தான் மக்கள் தண்ணீர் தேங்கிய தெருக்களைக் குறித்தார்கள்.

வித்தியாசம் உரிமையில் இருக்கிறது. கூகுளுக்கும் நாம் திருத்தம் அனுப்பலாம். ஏற்பதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு, தரவும் அவர்களுடையது. 2004-ல் பிரிட்டனில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் மூலத்தரவையே இலவசமாக எடுக்கலாம். எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்ல வேண்டும், அதை மேம்படுத்தி வெளியிட்டால் அதுவும் திறந்தே இருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் தெருமுனை அடிபம்பை நானே அதில் ஏற்றினேன், இரண்டே நிமிடம். (கைப்பிடி உடைந்து கிடக்கிறது, அது வேறு கதை.)

சரி, குறையும் உண்டு. யாரும் வரையாத கிராமம் அதில் வெறும் வெள்ளைத்தாள்தான்.