ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? தொழில்நுட்ப எழுத்து வேலைக்கான ரெஸ்யூமேயும் ரெஃபரன்ஸும்

நீலகிரியில் இருந்தபடி கோயம்புத்தூர், பெங்களூரு, சென்னை நிறுவனங்களில் தொழில்நுட்ப எழுத்தாளர் (கருவிகள், செயல்முறைகள் பற்றிய விளக்கக் குறிப்புகளை எழுதுபவர்) வேலைக்கு விண்ணப்பிப்பவரை, தேர்வு செய்பவர் முதலில் ரெஸ்யூமே வழியாகத்தான் அறிகிறார். அது எத்தனை பக்கம் இருக்கலாம், ரெஃபரன்ஸ் தருபவர்களின், அதாவது நம் வேலையைப் பற்றி விசாரித்தால் சொல்லக்கூடியவர்களின், பெயர்களை அதிலேயே அச்சிடலாமா என்பவை இரண்டும் தனித்தனியாக முடிவு செய்ய வேண்டியவை.

கல்லூரி முடித்தவுடன் விண்ணப்பிப்பவருக்கு ஒரு பக்கம் போதும். தந்தை பெயர், மதம், திருமண நிலை, கடைசியில் வரும் ‘மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை’ என்ற உறுதிமொழி ஆகியவற்றை நீக்கினாலே நிறைய இடம் மிஞ்சும். அனுபவம் உள்ளவரின் நிலை வேறு. குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டைக் கவனித்தவர், வாட்டுதல் முதல் தரம் பிரித்தல் வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் செயல்முறைக் குறிப்புகளை எழுதி, ஐஎஸ்ஓ 22000 என்ற உணவுப் பாதுகாப்புத் தரநிலையின் தணிக்கைக்கான ஆவணங்களையும் பராமரித்திருந்தால், அது முழுமையான தொழில்நுட்ப எழுத்து அனுபவமே. அதை ‘ஆவணப் பணிகள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடாமல், யாருக்காக எழுதினார், எந்த மென்பொருளில் எழுதினார், எழுதியதை யார் சரிபார்த்தார்கள் என்பதைச் சொல்ல இரண்டாம் பக்கம் தேவைப்பட்டால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரே பக்கத்துக்குள் நிறுத்துவதற்காக எழுத்தைச் சிறிதாக்கி, ஓரங்களை நெருக்குவதை நான் ஏற்கமாட்டேன். படிப்பவரின் வசதியைப் பேணுவதே இந்தத் தொழில். மூன்றாம் பக்கம் வேண்டாம். எழுதிய மாதிரிகளை இணையத்தில் வைத்து, அதன் முகவரியை முதல் பக்கத்தின் மேலேயே கொடுத்துவிடலாம்.

ரெஃபரன்ஸ் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பெயரும் கைபேசி எண்ணும் ரெஸ்யூமேயிலேயே இருந்தால், கேட்டு வாங்கும் வேலை மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் வேலைவாய்ப்புத் தளத்தில் ஏற்றிய ரெஸ்யூமே எத்தனை பேர் கைக்குப் போகும் என்பது நமக்குத் தெரியாது. நமக்கு நல்லது செய்ய முன்வந்தவரின் எண்ணை அவ்வாறு பரப்ப நமக்கு உரிமையில்லை. கோத்தகிரி, குன்னூர் போன்ற சிறிய ஊர்களில் மேலாளர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதால், நேர்காணலுக்கு முன்பே போகும் ஒரு விசாரிப்பு, நாம் வேலை தேடும் செய்தியை இப்போதைய முதலாளியின் காதுக்குக் கொண்டுபோய்விடக்கூடும். ஆகவே ரெஃபரன்ஸ் தருபவர்களின் விவரங்களைத் தனித்தாளில் எழுதி வைத்திருந்து, நேர்காணல் நல்லபடியாக முடிந்து அவர்கள் கேட்கும்போது கொடுப்பதே மேல் என்பது என் தீர்மானமான கருத்து. விண்ணப்பப் படிவமே பெயர்களைக் கேட்டால் மட்டும் அங்கே நிரப்பலாம். ‘கேட்டால் ரெஃபரன்ஸ் தரப்படும்’ என்ற வரியும் வேண்டாம். கேட்டால் தருவோம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை போன்ற பாதுகாப்புத் துறை இடங்களில் எழுதியவர்களுக்கு ரெஃபரன்ஸின் மதிப்பு இன்னும் அதிகம். அங்கே எழுதியதை வெளியே மாதிரியாகக் காட்ட முடியாது என்பதால், உடன் பணியாற்றி ஓய்வு பெற்ற மேலதிகாரி ஒருவரின் சொல்லே அந்த இடத்தை நிரப்பியாக வேண்டும். இத்தகையவர்கள் தனித்தாளை விண்ணப்பிக்கும் முன்பே தயாராக வைத்திருக்க வேண்டும். அந்த மேலதிகாரி பணியின் தன்மையைப் பற்றி மட்டும் பேசுவார், உள்ளடக்கத்தைச் சொல்லமாட்டார் என்பதையும் நேர்காணலிலேயே தெரிவித்துவிடுவது நல்லது.

அந்தத் தாளில் யாரை எழுதுவது? பெரிய பதவியில் இருப்பவரைவிட, நம் வரைவுகளைத் திருத்திய பொறியாளரோ தர மேலாளரோ சொல்வதற்கே எடை அதிகம். அவரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, நாம் அனுப்பிய ரெஸ்யூமேயையும் வேலை அறிவிப்பையும் அவருக்கும் அனுப்ப வேண்டும். எஸ்டேட்டுகளில் எல்லா இடத்திலும் கைபேசி சிக்னல் கிடைப்பதில்லை என்பதால், எண்ணோடு மின்னஞ்சலையும், எந்த நேரத்தில் அழைத்தால் அவரோடு பேச முடியும் என்பதையும் தாளில் குறித்துக் கொடுக்க வேண்டும்.