இலவச யூ.வி. ஃபில்டரோடு வந்த 16-35: செகண்ட் ஹேண்டில் வைடு லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கு (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) பழைய வைடு லென்ஸ் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். கடையின் பெயரை எழுதப்போவதில்லை, புகார் இன்னும் முடியவில்லை. சென்னையில் பழைய கேமராக்களை வாங்கி விற்கும் ஒரு கடை, அவ்வளவுதான்.

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். கல்யாணம் எடுப்பது தொழில், கோபுரம் எடுப்பது பைத்தியம். ராஜகோபுரம் 236 அடி. தெருவில் நின்று 24-105 லென்ஸில் பார்த்தால் ஒன்று கலசம் வெட்டுப்படும், இல்லையென்றால் வாசல் வெட்டுப்படும். பின்னால் போகலாம் என்றால் கடைகளும் ஆட்டோக்களும். 24 மி.மீ.க்குப் பார்வைக் கோணம் மூலைக்கு மூலை 84 டிகிரி. 16 மி.மீ.க்கு 108. மி.மீ. கணக்கில் எட்டுதான் வித்தியாசம், ஆனால் தெருவில் நின்று பார்த்தால் அது ஒரு வீட்டு அகலம்.

கேமரா கேனான் 6டி. எனக்கு எட்டும் விலையில் இரண்டு லென்ஸ் இருந்தன. ஒன்று 2003-இல் வந்த 17-40 எஃப்/4, விலை குறைவு, ஆனால் ஒளித்துளையை முழுசாகத் திறந்து (எஃப் எண் சிறியதாக வைத்து) எடுத்தால் மூலைகள் மெழுகு மாதிரி இருக்கும். இன்னொன்று 2014-இல் வந்த 16-35 எஃப்/4. அதில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் உண்டு. ஆயிரங்கால் மண்டபம் மாதிரி இருட்டில் கையில் பிடித்தே தூண்களை எடுக்கலாம். (நலங்கில் ஆடும் பெண்களை அது நிறுத்தாது, அதற்கு ஷட்டர் வேகம்தான் வேண்டும். ஸ்டெபிலைசர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும் கடைக்காரரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.) புதிது வாங்க வசதியில்லை. பழைய 16-35 தேடினேன்.

கடைக்குள் போனதும் அந்தப் பையன் எடுத்து நீட்டியது டோக்கினா 11-16.

"சார், 16 எதுக்கு? இது 11-லயே ஆரம்பிக்குது. விலையும் பாதி. உங்க பாடியில உட்காரும், பாருங்க" என்று மாட்டியும் காட்டினான். உட்கார்ந்தது. சின்ன சென்சார் கேமராக்களுக்கென்று (கிராப் பாடி என்பார்கள்) கேனானே செய்த ஈ.எஃப்-எஸ் லென்ஸ்கள் ஃபுல் ஃப்ரேம் பாடியில் மாட்டவே மாட்டாது. டோக்கினா, சிக்மா போன்றவர்கள் கிராப் பாடிக்குச் செய்த லென்ஸ்கள் மாட்டிக்கொள்ளும். கெட்டிக்காரத்தனமாக ஜூமை 16-இல் வைத்துத்தான் என்னிடம் கொடுத்தான். அங்கே படம் கிட்டத்தட்ட முழுசாகத் தெரியும். நான் 11-க்குத் திருப்பினேன். நடுவில் வட்டமாகப் படம், சுற்றிலும் கறுப்பு, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி. "இது டி.எக்ஸ் தம்பி" என்றேன். டோக்கினாவில் டி.எக்ஸ், சிக்மாவில் டி.சி, டாம்ரானில் டிஐ 2 என்று இருந்தால் கிராப் பாடிக்கானது. எஃப்.எக்ஸ், டி.ஜி, வெறும் டிஐ என்றால் ஃபுல் ஃப்ரேம்.

பையன் அசடு வழிந்தான். எனக்கு உள்ளுக்குள் பெருமை. அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது. இனி இவன் என்னிடம் வாலாட்டமாட்டான் என்று நினைத்துவிட்டேன்.

அப்புறம் முதலாளியே வந்து 16-35-ஐக் கொண்டுவந்தார். சிவப்பு வளையம் பளபளவென்று இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன், உள்ளே ஃபங்கஸ் (பூஞ்சை) இல்லை. தூசி கொஞ்சம், அது எல்லா ஜூமிலும் இருக்கும். முன்னால் ஒரு யூ.வி. ஃபில்டர், லென்ஸின் வாயில் திருகி மாட்டும் கண்ணாடி. "இந்த லென்ஸுக்கு முன்னாடி ஃபில்டர் போட்டாத்தான் தண்ணி தூசிக்கு முழுப் பாதுகாப்பு சார், கம்பெனியே சொல்லுது. ஃபில்டர் நம்ம அன்பளிப்பு" என்றார். அவர் சொன்னது உண்மை, கேனானின் குறிப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது. உண்மையைச் சொல்லி ஏமாற்றுபவனிடம் என்ன செய்வது?

கடைக்குள்ளேயே நாலைந்து படம் எடுத்தேன். அலமாரி, மேசை, மின்விசிறி. கேமரா திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் கத்தி மாதிரி இருந்தது. இடது ஓரம் லேசாகக் கலங்கல். கேட்டதற்கு, "வைடுன்னா மூலை சாஃப்ட்டாத்தான் சார் இருக்கும்" என்றார். அதுவும் பாதி உண்மை. 43,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். பில்லில் "கேமரா லென்ஸ் - 1" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். சீரியல் நம்பர் இல்லை. நானும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து லால்குடி பக்கம் ஒரு கல்யாணம். மேடையில் குடும்பப் படம், பதினான்கு பேர். 16-இல் வைத்தால் ஓரத்தில் நிற்பவர்களின் முகம் பூசணிக்காய் ஆகிவிடும் என்பது தெரியும், அதனால் 28-இல் வைத்து, எஃப்/5.6-இல் எடுத்தேன். படங்களை அனுப்பிய மறுநாள் பெண்ணின் தம்பி கூப்பிட்டான். "அண்ணா, எல்லாப் படத்துலயும் எங்க அத்தை மட்டும் ஏன் கலங்கலா இருக்காங்க? ஏற்கனவே அவங்களுக்கும் எங்கப்பாவுக்கும் பேச்சுவார்த்தை சரியில்ல, வேணும்னே பண்ண மாதிரி நினைக்கிறாங்க."

கணினியில் போட்டுப் பார்த்தேன். வலது கோடியில் நின்ற சித்தப்பாவின் மீசையை எண்ணலாம். இடது கோடியில் அத்தைக்கு மூக்குத்தி எங்கே, மூக்கு எங்கே என்று தெரியவில்லை.

கடைக்காரர் சொன்னதில் விடுபட்ட மறுபாதி இதுதான். வைடு லென்ஸில் மூலைகள் மங்கலாம், ஆனால் நான்கும் ஏறக்குறைய ஒரே அளவில் மங்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடித் தொகுதி நகர்ந்திருக்கிறது அல்லது சாய்ந்திருக்கிறது. டீசென்டர் என்பார்கள். பெரும்பாலும் கீழே விழுந்த லென்ஸ். கூர்மையாக விழவேண்டிய தளம் சரியாகச் சாத்தாத கதவு மாதிரி ஒரு பக்கம் முன்னேயும் மறுபக்கம் பின்னேயும் நிற்கும். ஒளித்துளையை எஃப்/11-க்குக் குறைத்தால் பெருமளவு மறைந்துவிடும், அதனால் வெயிலில் கோபுரம் எடுத்தபோது எனக்குத் தெரியவே இல்லை.

அன்று இரவு மொட்டை மாடியில் டிரைபாட் போட்டேன். மலைக்கோட்டை விளக்குகள் அங்கிருந்து தெரியும். ஒரே ஒரு விளக்கை நடுவில் வைத்து, லைவ் வியூவில் (பின்திரையில் நேரடியாகத் தெரியும் காட்சியில்) பெரிதாக்கி ஃபோகஸ் செய்து, ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றினேன். அப்புறம் ஃபோகஸைத் தொடாமல், எஃப்/4-இலேயே, அதே விளக்கை ஒவ்வொரு மூலைக்கும் கொண்டுபோய் ஒரு படம். வலது மூலைகள் இரண்டிலும் புள்ளி கொஞ்சம் நீண்டிருந்தது, போகட்டும். இடது மூலைகளில் அது புள்ளியே இல்லை, நசுங்கிய வாழைப்பூ மடல். பாடியில்தான் கோளாறோ என்ற சந்தேகத்தில் 24-105-ஐ மாட்டி அதையே செய்தேன். நான்கு மூலையும் ஒன்றுபோல் இருந்தன.

கடைக்குள் விளக்கு ஏது என்கிறீர்களா? எதிர்க் கட்டடத்துச் சுவர் போதும். ஒரு படம் நேராக, இன்னொன்று கேமராவைத் தலைகீழாகப் பிடித்து. இரண்டிலும் சுவரின் அதே பகுதி மங்கினால் நீங்கள் கோணலாக நிற்கிறீர்கள். மங்கல் சுவரின் மறுபக்கத்துக்கு மாறினால் கோளாறு லென்ஸில். அலமாரியையும் மின்விசிறியையும் எடுத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு தூரத்தில் இருக்கிறது. ஒரு மெமரி கார்டும் லேப்டாப்பும் கொண்டுபோங்கள். மூன்று அங்குலத் திரையை நம்பித்தான் நான் கெட்டேன்.

முதலாளிக்கு போன் செய்தேன். "மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் பண்ணுங்க சார், சரியாயிடும்" என்றார். அது மொத்த ஃபோகஸையும் முன்னே பின்னே நகர்த்தும், சாய்ந்ததை நிமிர்த்தாது. அதைச் சொன்னதும் குரல் மாறியது. "பழைய பொருள் பழைய பொருள்தான் சார்."

கோயம்புத்தூரில் லென்ஸ் பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் படங்களைக்கூடக் கேட்கவில்லை. முதலில் அந்த இலவச ஃபில்டரைத் திருகப் பார்த்தார். அசையவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாங்கும்போது இதைக் கழட்டிப் பாத்தீங்களா தம்பி?" இல்லை. ஃபில்டர் கண்ணாடியை எடுத்துவிட்டு, வளையத்தைச் சின்ன ரம்பத்தால் இரண்டு இடத்தில் அறுத்து உள்பக்கமாக மடக்கி எடுத்தார். அடியில் லென்ஸின் மரை ஒரு விரல்நுனி அகலத்துக்கு உள்ளே அமுங்கியிருந்தது. அமுங்கிய இடத்தில் பெயின்ட் போய் வெள்ளையாகத் தெரியாமலிருக்கக் கறுப்பு மார்க்கர் பூசியிருந்தார்கள். பெரியவர் துணியில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார், கறுப்பு துணிக்கு வந்தது. பின்பக்க மவுண்ட் திருகுகளிலும் கூட்டல் குறிக் காடி தேய்ந்திருந்தது, ஏற்கனவே யாரோ திறந்திருக்கிறார்கள். சரிசெய்ய 14,000 ஆகும், முழுசாகச் சரியாகும் என்று உறுதி கிடையாது என்றார்.

பத்தொன்பதாம் நாள் லென்ஸோடு கடைக்குப் போனேன். பணம் கிடையாது, வேண்டுமானால் வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்த டோக்கினாவையே மறுபடி நீட்டினார்கள்!

1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்தேன். அது தேசிய நுகர்வோர் உதவி எண். பில்லில் திரும்பப் பெறும் காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நல்லவேளை, என் பில்லில் ஒன்றுமே அச்சடித்திருக்கவில்லை. கடையிலிருந்து வந்த பதில், "அவர் தொழிலுக்கு வாங்கியவர், நுகர்வோரே அல்ல." ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியதை அந்தச் சட்டம் வணிக நோக்கம் என்று எடுத்துக்கொள்வதில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். சென்னைக்கு அலைய வேண்டாம், நாம் வசிக்கும் ஊரிலேயே போடலாம். 5 லட்சம் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை. என் கையில் இருப்பது ஜிபே ரசீது, வாட்ஸ்அப்பில் அவர்கள் "மின்ட் கண்டிஷன்" என்று எழுதி அனுப்பிய படங்கள், அறுத்த ஃபில்டர் வளையம், பெரியவர் எழுதிக் கொடுத்த குறிப்பு. சீரியல் நம்பர் எழுதிய பில் இருந்திருந்தால் வேலை பாதி. "இது எங்க லென்ஸே இல்ல" என்று அவர்கள் சொல்லக்கூடும் என்று வக்கீல் பயப்படுகிறார்.

லால்குடி வீட்டுக்கு ஆல்பத்தில் பத்தாயிரம் குறைத்துக்கொண்டேன். அத்தையைத் தனியாக ஒருநாள் போய் எடுத்துக் கொடுத்தேன், 50 மி.மீ.யில்.

நேற்று அந்தக் கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இன்னொரு 16-35 வந்திருக்கிறது. ஆறு படம் போட்டிருக்கிறார்கள். ஆறிலும் ஃபில்டர் மாட்டியிருக்கிறது.