டெலியோக்ரேட்டர் பொம்மை: நிற்கவும் இல்லை, டைனோசரும் இல்லை

டெலியோக்ரேட்டர் என்ற அழிந்துபோன ஊர்வனவின் பொம்மை, ஆன்லைனில் 640 ரூபாய்க்கு வாங்கினேன். மகனுக்கு என்று சொல்லித்தான் வாங்கினது, பார்சலைப் பிரித்தது என்னவோ நான். பெயிண்ட் அருமை, பிளாஸ்டிக் நாற்றம் இல்லை, கழுத்து நீளம் சரி, பல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது.

மேஜையில் நிறுத்தினேன், விழுந்தது. வாலுக்கு அடியில் ரப்பரை முட்டுக்கொடுத்தால் நிற்கிறது, ஃபேன் போட்டால் மறுபடி குப்புற. காரணம், இதை இரண்டு காலில் நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். இது நாலு காலில் நடந்த ஊனுண்ணி! பெட்டியில் ‘டைனோசர்’ என்று அச்சடித்தாகிவிட்டது, அப்புறம் டைனோசர் மாதிரி நிற்க வைக்காமல் எப்படி? விற்றவரிடம் கேட்டதற்கு “எல்லாம் ஒண்ணுதானே சார்” என்றார்.

ஒன்றில்லை சார். இந்த எலும்புகள் முதலில் கிடைத்தது 1933இல், இன்றைய தான்சானியாவில். 1950களில் தொல்லுயிர் ஆய்வாளர் ஆலன் சாரிக் ஆராய்ந்து பெயரும் வைத்தார், ஆனால் முதலை வழியா டைனோசர் வழியா என்று அவரால் முடிவாகச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அதைச் சொல்ல வேண்டிய கணுக்கால் எலும்பே அந்தக் குவியலில் இல்லை. 2015இல் அதே பகுதியில் இன்னும் எலும்புகள் கிடைத்து, 2017இல்தான் பெயர் முறையாக வெளிவந்தது. அதற்குள் சாரிக் காலமாகி இருபது வருஷம்.

கிடைத்த கணுக்கால் முதலையின் கணுக்கால் மாதிரி இருந்தது. டைனோசரின் கணுக்கால் கதவுக் கீல் போல முன்னும் பின்னும் மட்டும் மடங்கும், இதில் பக்கவாட்டிலும் கொஞ்சம் திரும்பும். ஆனால் மண்டையோட்டின் மேலே தசை பதிந்த பள்ளமும் தொடை எலும்பின் தழும்புகளும் பறவை, டைனோசர் பக்கம் இழுக்கின்றன. அதனால் இதை டைனோசரின் பெரியப்பா வீட்டு ஆள் என்று வைத்தார்கள். கிளைக்கு அஃபனோசாரியா என்று பெயர். காலம் சுமார் 24.5 கோடி ஆண்டுகளுக்கு முன், முதல் டைனோசர்களுக்கும் முந்தியது. முதலை மாதிரிக் கணுக்கால்தான் பழையது, கீல் மாதிரி பின்னால் வந்தது என்று இதிலிருந்து புரிந்தது. பொம்மையில் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள், குதிகால் துருத்தவே இல்லை, வழவழவென்று கோழிக்கால். எனக்கு எரிச்சல் வந்தது இங்கேதான்.

இன்னொன்று, இதே கிளையில் நம் ஆள் ஒருவர் உண்டு. கோதாவரிப் படுகையில் கிடைத்த யாராசூக்கஸ். 2005இல் பெயர் வைக்கும்போது முதலைப் பக்கத்தில் சேர்த்தார்கள் (‘சூக்கஸ்’ என்றாலே முதலை), 2017இல் இந்தப் பக்கம் மாற்றினார்கள். அதற்குப் பொம்மை போட்டால் முதல் ஆளாக வாங்குவேன்.

திருப்பி அனுப்பவில்லை. கொதித்து இறக்கிய தண்ணீரில் இடுப்பு வரை முக்கி, பிளாஸ்டிக் இளகினதும் உடம்பை முன்னால் சாய்த்து, முன்கால் தரையில் படும்படி பிடித்துக்கொண்டு பச்சைத் தண்ணீரில் நனைத்தேன் (குழந்தைகளைச் செய்ய விடாதீர்கள்). இடது பின்காலில் பெயிண்ட் லேசாக வெடித்தது. ஆனால் இப்போது நாலு காலில் நிற்கிறது, ஃபேன் ஐந்தில் வைத்தாலும். பெட்டியில் ‘டைனோசர்’ என்ற இடத்தில் பையன் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டான். ஐந்துக்கு மூன்று.