ஆத்தங்குடிக் கல்லுக்குக் கொடுத்த 38,500 ரூபாய்: வெளியூரிலிருந்து வந்தவர்கள் கவனிக்க

போன செவ்வாய்க்கிழமை லாரி இறக்கிவிட்டுப் போன ஆத்தங்குடிக் கல்லை (ஆத்தங்குடியில் கையால் செய்கிற பூப்போட்ட தரை ஓடு) பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காரைக்குடிப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள், அதிலும் என்னைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள், எப்படி ஏமாறாமல் கல் வாங்குவது என்று தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லைப் பக்கம் இருக்கிற மார்த்தாண்டம். இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது. வாயைத் திறந்தால் இன்னமும் "மலையாளமா?" என்றுதான் கேட்கிறார்கள். வாடகை வீடு தேடின காலத்தில் நாலு வாசலில் "வெளியூர்க்காரங்களுக்கு விடுறதில்ல" என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் கடன் வாங்கிச் சின்னதாக ஒரு வீடு கட்டினேன். தரைக்கு ஆத்தங்குடிக் கல்தான் என்று ஆசை.

பட்டறைக்காரர் கூடவே நின்று எல்லாம் காட்டினார். கண்ணாடிமேல் அச்சை வைத்துச் சாயக் கலவையை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினால் பூ அப்படியே நிற்கிறது. அதன்மேல் மணலும் சிமெண்டும். சூளையே கிடையாது, தண்ணீரில் ஊறி, வெயிலில் காய்ந்தே இறுகுகிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம். மோர் கொடுத்தார். "உக்காருங்க ஆச்சி" என்றார்.

ஆச்சி என்பது இந்தப் பக்கத்து நகரத்தார் வீட்டுப் பெண்களை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல். ஆறு வருஷத்தில் இந்த ஊரில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. 480 கல்லுக்கு 38,500 ரூபாயையும் அங்கேயே போனில் அனுப்பிவிட்டேன். பில்கூடக் கேட்கவில்லை.

வந்தது 431 கல். பாதிக்கு மூலை உடைந்திருக்கிறது. அடியில் ஈரம் காயவில்லை. ஈரத்துணியால் துடைத்தால் சிவப்புச் சாயம் துணியோடு வருகிறது. போன் செய்தேன். முதல் நாள், "கைவேலைன்னா அப்படித்தான்." மறுநாள், "லோடு ஏத்தினவனைக் கேளுங்க." மூன்றாம் நாள் நேரில் போனபோது அவர் வாயில் "ஆச்சி" என்ற சொல்லையே காணோம்: "நேத்து வந்தவங்களுக்கு எங்க ஊர்க் கல்லைப் பத்தி என்ன தெரியும்? உங்க ஊர்ல போய் வாங்கிக்கங்க."

38,500 ரூபாய் போனதைவிட அந்தப் பேச்சுதான் வலித்தது.

பக்கத்து வீட்டு ஆச்சிக்கு எழுபது வயதுக்கு மேல். கேட்டதும் கொதித்துவிட்டார். "எங்க ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதான் தொழில் பண்ணப் போனவுக. அங்க அவுகளும் வெளியூர்க்காரவுகதான். 42ல சப்பான்காரன் வந்தப்போ போட்டது போட்டபடி வந்தாக. இவனுக்கு அதெல்லாம் மறந்துபோச்சா?" என்று என்னோடு பட்டறைக்கே வந்தார். அவரைக் கண்டதும் பட்டறைக்காரர் எழுந்து நின்றார். "ஆச்சி முகத்துக்காக" 10,000 தருகிறேன் என்றார்.

நான் வாங்கவில்லை. யார் முகத்துக்காகவும் வேண்டாம். என் பணம், என் பெயருக்கு, 38,500-ம் வர வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் நாமே வழக்குப் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

கல் வாங்குகிறவர்களே, முழுப்பணம் முன்னால் கொடுக்காதீர்கள். எண்ணிக்கை, அளவு, பூ எல்லாம் போட்ட பில் வாங்குங்கள். மாதிரிக் கல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். எண்ணிப் பார்க்காமல் லாரியை அனுப்பாதீர்கள். மற்றதை எழுத இப்போது மனசில்லை.

வழக்குப் போடத் திங்கட்கிழமை சிவகங்கையில் இருக்கிற அந்த ஆணையத்துக்குப் போகிறேன். உடைந்த கல் நாலைத் துணிப்பையில் எடுத்து வைத்தாயிற்று. ஆச்சியும் வருகிறேன் என்கிறார்.